மதினிக்குச் சொல்லாத சேதி

முதல் வளையலை லாவண்யா போடுறா. போடட்டும், நல்லாப் போடட்டும். எங்க ஆளுகள்ல அஞ்சாம் மாசம் பூ வைக்கிறப்ப மூத்த தாய்மாமன் பொண்டாட்டிதான் முதல் வளையலைப் போடணும், மோனிஷாவுக்கு மூத்த தாய்மாமன் என் புருஷன், அப்ப அந்தப் பலகைக்கு எதுக்கால உக்கார வேண்டியவ நான். லாவண்யா என் கொழுந்தன் பொண்டாட்டி, நேத்து வந்தவ, அவளுக்கு அந்த எடம். காலையில நான் அரக்குப் பட்டைக் கட்டிக்கிட்டு, பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு மாடியேறி வந்ததும் இவரு அக்கா, மோனிஷாவைப் பெத்த பஞ்சவர்ணம் மதினி என் கையப் பிடிச்சு அடுப்படிப் பக்கம் ஒதுக்கிக் கூட்டிட்டுப் போனா. கூடப்பிறந்தவ மாதிரி ஒரு குரலு. வாசுகி, நீ ஒண்ணும் தப்பா எடுத்துக்காத, முதப் பிள்ள பாரு, நோய்நொடி இல்லாத பிள்ள பெத்தவ கை பட்டாத்தான் நல்லதுன்னு சம்பந்தியம்மா பிரியப்படுறாக, நீ பாட்டுக்கு பிள்ளையப் பார்த்துக்கிட்டு பின்னால உக்காரு, அப்படீன்னா. சம்பந்தியம்மா சொல்லியிருக்க மாட்டாக. அந்தம்மா வந்ததும் வராததுமா என்கிட்டத்தான் நேரா வந்தாக, ஆதிரை கன்னத்தத் தொட்டு, இவதான் பேட்டரி வச்ச தங்கமான்னு கேட்டாக. ஊர் பேர் தெரியாத அவுகளுக்கு இருக்கிற மனசு கூடப் பொறந்த தம்பி பிள்ளை மேல இவளுக்கு இல்ல. சரி மதினின்னேன். இப்ப கை கழுவுற தொட்டி ஓரமா ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்கேன். ஃபேன் காத்து இங்க வர்றதில்ல. இவரு அங்கிட்டு ஆம்பளைங்களோட உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்காரு, என் பக்கம் ஒரு தடவை பார்த்தாரு, பார்த்துட்டு முகத்தத் திருப்பிக்கிட்டாரு. அவருக்கும் தெரியும். விடு வாசுகி, அக்காதானே, இதுதான் அவரு வாயில வர்ற ஒரே மந்திரம்.

ஆதிரை மடியில நெளியுறா. என் கை தன்னால அவ வயித்து மேல போகுது, கவுனுக்கு மேல, வலது பக்கம், அந்த மேடு மேல. மூணு வருசமா இந்தக் கை இப்படித்தான். தூங்கும்போதும் போகும். சின்னப் பெட்டி, பேஸ்மேக்கரும்பாங்க, தோலுக்கும் சதைக்கும் அடியில, ஒல்லிப் பிள்ளைங்கிறதால ஓரம் கூட விரலுக்குத் தட்டும். அதுலருந்து ரெண்டு கம்பி மேல போயி இதயத்து மேல தச்சு வச்சிருக்கு. பெரியவங்களுக்கு நெஞ்சுல வைப்பாங்களாம். இம்புட்டூண்டு பிள்ளைக்கு நெஞ்சுல எடம் ஏது, அதான் வயித்துல. பொறந்து ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள அறுத்து வச்சாங்க. நான் தையல் போட்ட வயித்தப் பிடிச்சுக்கிட்டு அந்த ஐசியூ கண்ணாடிக்கு வெளியில நிக்கிறேன், உள்ள என் பிள்ளைக்கும் வயித்துல தையல், அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே மாதிரி பிளாஸ்திரி. ஏழாம் மாசத்து ஸ்கேன்ல அந்தப் பொண்ணு பேச்சை நிறுத்தினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. டொக்கு டொக்குன்னு வேகமா வர வேண்டிய சத்தம், யாரோ யோசிச்சு யோசிச்சுக் கதவைத் தட்டுற மாதிரி வந்துச்சு. பாதித் துடிப்புதான் இருக்குன்னாங்க. அப்புறம் அந்தச் சின்னப்பிள்ளை இதய டாக்டரம்மா, கண்ணாடி போட்ட ஒல்லி அம்மா, என்னைப் பக்கத்துல உக்கார வச்சு ரொம்பப் பொறுமையாச் சொன்னாங்க. உங்க ரத்தத்துல ஒரு எதிர்ப்புச் சத்து இருக்கும்மா, உங்களுக்கு அது பெருசா ஒண்ணும் செய்யல, ஆனா கொடி வழியாப் பிள்ளைக்குப் போயி, இதயத்துல மேலறையிலருந்து கீழறைக்குச் சேதி கொண்டுபோற கம்பி இருக்கில்ல, அதைக் கெடுத்துருச்சு, அஞ்சாம் மாசம் ஆறாம் மாசம் வாக்குலதான் அது நடக்கும், இது உங்க தப்பு இல்ல, யார் தப்பும் இல்ல. தப்பு இல்லன்னு அந்தம்மா சொன்னதை இவரு அப்படியே போன்ல அக்காகிட்டச் சொன்னாரு, எல்லாத்தையும் சொன்னாரு, அந்தக் கடைசி வரி மட்டும் எங்க போச்சோ. அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு வந்த மதினி கண்ணாடி வழியாப் பிள்ளையப் பார்த்தா, என்னைப் பார்த்தா, சொன்னா: "பெத்தவ ரத்தமே விஷமாப் போச்சே. எங்க தம்பிக்கு இப்படி ஒரு விதியா." அம்புட்டுதான். அழக்கூட இல்ல. சொல்லிட்டு, காப்பி எங்க கிடைக்கும்னு நர்ஸம்மாகிட்ட விசாரிச்சா.

விஷ ரத்தம். அந்த வார்த்தை ஊரெல்லாம் போயிட்டு வந்துருச்சு. கல்யாண வீட்டுல, காதுகுத்துல, எழவு வீட்டுல கூட. பொம்பளைங்க என்கிட்ட வந்து, உனக்கு ஏதோ ரத்தத்துலயாமேன்னு பதமாக் கேப்பாக. அவங்கம்மா வழி, எங்க பக்கத்துல இப்படி ஒருத்தருக்கும் கிடையாது, அப்படீன்னு மதினி சொல்லிவச்சிருக்கா. எங்கம்மா செவனேன்னு இருக்கிறவ, அவளையும் இழுத்துவிட்டாச்சு. எங்கப்பாவும் இவளைப் பெத்த என் அத்தையும் ஒரு வயித்துல பொறந்தவங்கங்கிறது மதினிக்கு மறந்தே போச்சு. நான் கட்டியிருக்கிறது அத்தை மகனை. இவ எனக்கு நாத்தனாராகுறதுக்கு முன்னாடியே அத்தை மக. எனக்குப் பாதி ரத்தம் எங்கருந்து வந்துச்சோ அங்கருந்துதான் இவளுக்கும் வந்துச்சு. இதைச் சொல்ல எனக்கு எத்தனையோ தடவை வாய் வந்துச்சு. விடு வாசுகி. விட்டேன். ஒவ்வொரு தடவையும் விட்டேன். விட்டது எதுவும் எங்கயும் போயிறல, எல்லாம் உள்ளதான் கெடக்கு.

லாவண்யா சந்தனம் பூசுறா. என் பக்கம் பார்க்காமப் பூசுறா, அவளுக்கும் சங்கடமாத்தான் இருக்கும், எனக்கென்ன. ஆதிரை, அம்மா நானும் வளையல், நானும் வளையல்னு கேக்குறா. உனக்கு அப்புறம்டா. அவ இடுப்புல கயிறு கிடையாது. பார்க்கிறவங்க எல்லாம் அதைத்தான் முதல்ல பார்ப்பாக, என்னம்மா பிள்ளைக்கு அரைஞாண் கயிறு கூடக் கட்டாம வச்சிருக்கன்னு. டாக்டரம்மா தலைப்பாடா அடிச்சுச் சொல்லியிருந்தாங்க, இடுப்புல எதுவும் இறுக்கக்கூடாது, எலாஸ்டிக் ஜட்டி கூட வேண்டாம், கயிறு கொடி தாயத்து ஒண்ணும் ஆகாது, பெட்டி மேல தோலு மெல்லிசா இருக்கு, உரசுனாப் புண்ணாகும். மதினிகிட்ட நான் சொன்னேன், இவரு சொன்னாரு. பிள்ளைக்கு ஒரு வயசு. எனக்கு டைபாய்டு வந்து எந்திரிக்க முடியாம கெடந்தப்ப, பிள்ளைக்கு ஒட்டிக்கும்னு மதினி வீட்டுல ஒரு வாரம் விட்டோம். வேற ஆள் இல்லாம விட்டோம். நான் அங்க காய்ச்சல்ல பொலம்பிக்கிட்டுக் கெடக்கேன், இங்க இவ எந்தக் கோயில்லயோ மந்திரிச்ச கருப்புக் கயிறை, வெள்ளித் தாயத்தைக் கோத்து, இறுக்கி முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கா. கயிறு இல்லாமத்தான் கண்ணுபட்டு பிள்ளைக்கு இப்படி ஆச்சாம். தாயத்து சரியா அந்த மேடு மேல. பிள்ளை குப்புறப் படுக்க, புரள, தவழ, அது உரசிக்கிட்டே இருந்திருக்கு. செவந்திருக்கு. அப்பவாவது அவுத்திருக்கலாம். அவுக்கல, மஞ்சளை அரச்சுப் பத்துப் போட்டிருக்கா. சீழ் வச்சிருக்கு. மேல இன்னும் மஞ்சள். நான் எந்திரிச்சு வந்து பிள்ளையத் தூக்கி, கவுனை நகட்டிப் பார்க்கிறேன், மஞ்சள் பொருக்குக்கு நடுவுல பளபளன்னு ஏதோ தெரியுது. பெட்டியோட தகரம். என் பிள்ளை வயித்துத் தோலு ஓட்டையாகி பெட்டி வெளிய தெரியுது. இவ பக்கத்துல நின்னுக்கிட்டு, லேசாத்தான் செவந்திருக்கு, ரெண்டு நாள்ல ஆறிரும்னு சொல்றா.

பெட்டி, கம்பி எல்லாத்தையும் எடுக்க வேண்டியதாப் போச்சு. கிருமி ஏறிட்டா ஒண்ணையும் விட்டுவைக்க முடியாதாம். அது இல்லாமப் பிள்ளைக்கு இதயம் ஓடாது. அதனால தற்காலிகக் கம்பி ஒண்ணு விட்டு, வெளிய ஒரு மிஷின்ல மாட்டி, அந்த மிஷினைக் கட்டில் கம்பியில தொங்கவிட்டாங்க. ஒரு வயசுப் பிள்ளை, அதுக்கென்ன தெரியும், கம்பியை இழுக்கும். கையக் கட்டிப்போட்டோம். நான்தான் பிடிச்சுக் கொடுத்தேன், நர்ஸம்மா துணியால கட்டினாங்க. அம்மா அம்மான்னு என் முகத்தப் பார்த்துக்கிட்டே அழுதா. கிருமி போற வரைக்கும் அப்படியே. அப்புறம் மறுபடி நெஞ்சைத் திறந்து, புதுக் கம்பி தச்சு, இந்த வலது பக்கம் வயித்துல புதுப் பெட்டி. இடது பக்கம் இப்ப ஒரு குழி, சுருங்கின தோலு, அதைப் பார்த்தா எனக்குச் சோறு எறங்காது. அப்ப மதினி என்ன சொன்னா தெரியுமா. மன்னிப்பு கின்னிப்பு ஒண்ணும் இல்ல. "கயித்துல என்ன இருக்கு, ஊர்ல எல்லாப் பிள்ளைக்கும்தான் கட்டுறோம். இவ ரத்தம் பிள்ளை உடம்புலயும் ஓடுதுல்ல, அது புண்ணை ஆறவிடாது." இவருகிட்டச் சொல்லியிருக்கா. இவரு என்கிட்ட வந்து ஒப்பிச்சாரு. அக்கா வெகுளின்னாரு. அன்னைக்குத்தான் நான் முடிவு பண்ணேன், இந்தப் பொம்பளைய ஒரு நாள் அழ வைக்காம விடமாட்டேன்னு. எப்படின்னு தெரியாது, எப்பன்னு தெரியாது. வயித்துல அந்த எரிச்சலை அணையாமப் பார்த்துக்கிட்டேன்.

ஆறு மாசத்துக்கு ஒருக்க பிள்ளையச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறோம். பெட்டி மேல சவுக்காரக்கட்டி மாதிரி ஒண்ணை வச்சு, வயரை ஒரு கம்ப்யூட்டர்ல மாட்டுவாங்க. அப்புறம் டாக்டரம்மா பட்டனைத் தட்டித் தட்டித் துடிப்பைக் கூட்டுவாங்க, குறைப்பாங்க. வளர வளரக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணுமாம். நடுவுல ஒரு நிமிசம், சொந்தத் துடிப்பு எவ்வளவு இருக்குன்னு பார்க்க, பெட்டியை எறக்கிக்கிட்டே வருவாங்க. பயப்படாதீங்கம்மா, நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லிட்டுத்தான் செய்வாங்க. அப்ப ஆதிரை முகம் வெளுத்துப்போகும். உதட்டுல இருக்கிற சிரிப்பு அப்படியே நிக்கும். தலை சுத்தும்போல, என் விரலைத் தேடிப் பிடிப்பா. டாக்டரம்மா டக்குன்னு பட்டனைத் தட்டுவாங்க, கன்னத்துல ரத்தம் திரும்பி வரும், நானும் மூச்சு விடுவேன். வீட்டுக்கு வர்ற பஸ்ஸுல எனக்கு ஒவ்வொரு தடவையும் அதே நெனப்புதான். அந்தக் கட்டில்ல மதினியப் படுக்க வைக்கணும். வயரை மாட்டணும். பட்டனை நான் பிடிச்சுக்கணும். எறக்கணும். மெதுவா, அவசரமே இல்லாம எறக்கணும். அவ முகம் வெளுக்கும்போது குனிஞ்சு காதுகிட்டக் கேக்கணும், யார் ரத்தம் விஷம் மதினின்னு. பக்கத்து சீட்டுல இவரு வாயத் தொறந்து தூங்கிக்கிட்டு வருவாரு. பிள்ளை ஜன்னல்ல மாடு எண்ணிக்கிட்டு வருவா. நான் ஊரு வந்து சேருற வரைக்கும் பட்டனை எறக்கிக்கிட்டே இருப்பேன்.

இப்ப எனக்குப் பட்டன் கிடைச்சிருக்கு. அதைத்தான் காலையிலருந்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். மோனிஷாவைப் பாருங்க, அந்தப் பலகையில, பச்சைப் பட்டுல. சக்கரைப் பொங்கல் ஒரு வாய் ஊட்டுறாக, முழுங்க முடியல. தண்ணி குடிக்கிறா. அடுத்த வாய், அடுத்த மடக்கு. தண்ணி இல்லாம ஒரு வாய் எறங்க மாட்டேங்குது. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு, சிமிட்டிக்கிட்டே இருக்கா. காலையில நான் சேலை மடிப்பு வைக்க ரூமுக்குள்ள போனப்ப கண்ணுல சொட்டு மருந்து விட்டுக்கிட்டிருந்தா. மண்ணு விழுந்த மாதிரியே இருக்கு அத்தைன்னா. கன்னத்துல ரெண்டு பக்கமும் செவப்பு, பவுடரை அப்பி மறைச்சிருக்கு, வெயில்ல போனா வருதாம். காலையில எந்திரிச்சா விரல் மடங்க மாட்டேங்குதாம், சுடுதண்ணியில முக்கி வச்சாத்தான் மடங்குதாம். மாசமா இருந்தா இப்படித்தான்டீன்னு மதினி சொல்லிட்டா. எனக்கு உடனே பிடிபட்டுச்சு. ஏன்னா இது எல்லாம் எனக்கும் இருந்துச்சு. ஒண்ணு விடாம எனக்கு. காலேஜ் படிக்கிறப்பவே எனக்கு வாய் காயும், முறுக்கு தின்னா மேலண்ணத்துல ஒட்டிக்கும், கண்ணு எரியும், யாரும் அதை ஒரு வியாதியா நெனக்கல. பிள்ளை பொறந்து, ரத்தம் எடுத்து, அப்புறம்தான் டாக்டரம்மா ஒவ்வொண்ணாக் கேட்டாங்க, ஆமா ஆமான்னு தலையாட்டினேன். இப்ப அதெல்லாம் அந்தப் பலகையில உக்காந்திருக்கு. மதினி பெத்த மக. எங்க பக்கத்துல ஒருத்தருக்கும் கிடையாதுன்னு சொன்ன மதினியோட மக. அஞ்சாம் மாசம். கம்பி கெட ஆரம்பிக்கிற மாசம்.

சொல்ல வேண்டியதில்ல. நான் ஒண்ணும் செய்ய வேண்டாம், கத்தியத் தூக்க வேண்டாம், மருந்து வைக்க வேண்டாம், சும்மா இருந்தாப் போதும். என்னையத்தான் பின்னால உக்காரச் சொல்லியாச்சே, உக்காந்திருக்கேன். அடுத்த பிள்ளைன்னா முன்கூட்டியே மாத்திரை தரலாம், வாராவாரம் ஸ்கேன் பார்க்கலாம், கம்பி முழுசா அறுந்துட்டா ஒண்ணும் செய்ய முடியாது, ஆரம்பத்துல பிடிச்சா ஏதாவது பார்க்கலாம்னு டாக்டரம்மா எனக்குச் சொன்னதை நான் யாருக்கும் சொல்லணும்னு சட்டம் இல்ல. அதுவும் போக, இந்தச் சத்து ரத்தத்துல இருக்கிற எல்லாருக்கும் அப்படி ஆகாதாம். நூறு பேர்ல ஒருத்தி ரெண்டு பேருக்குத்தான் பிள்ளைக்கு வருமாம். அப்ப மோனிஷாவுக்கு ஒண்ணும் ஆகாமக்கூடப் போகலாம். அவளுக்கு அந்தச் சத்தே இல்லாமக்கூட இருக்கலாம், நான் டாக்டரா. சொன்னா மதினி என்ன சொல்லுவா, வயித்தெரிச்சல்ல நல்ல நாள்ல சாபம் விடுறா பாருன்னு சொல்லுவா. அதுக்கு நான் ஏன் வாயக் கொடுக்கணும். இந்த மோனிஷா மட்டும் லேசுப்பட்டவளா. ஆதிரையத் தூக்குடின்னா, தூக்குனா ஷாக் அடிக்குமா அத்தைன்னு சிரிச்சவ. மாசமானதும், அந்தப் பிள்ளை முகத்துல முழிக்காதன்னு அவ அம்மா சொல்லிக்கொடுத்ததை அப்படியே கேட்டு, இவ ஓடி வந்தா முகத்தத் திருப்பிக்கிறவ. எம்பிள்ள மூணு நாளா மோனி அக்காவுக்கு வளையல், மோனி அக்காவுக்கு வளையல்னு பாடிக்கிட்டு வந்துச்சு. சொல்ல மாட்டேன். ஏழாம் மாசம் ஸ்கேன் எடுக்கிற பொண்ணு பேச்சை நிறுத்தட்டும். மதினி அந்த ரூமுக்கு வெளியில நிக்கட்டும்.

பொம்பளைங்க ஒவ்வொருத்தியா வளையல் போட்டு முடிச்சாச்சு. ஆரத்தி எடுத்தாச்சு. இலை போடுறாக. மோனிஷா எந்திரிச்சு நேரா என் பக்கம்தான் வர்றா, தொட்டிக்கு. முழங்கை வரைக்கும் வளையல், சந்தனம் அப்பின கை, அதுல அந்தச் சின்ன மருந்துக்குப்பி. அத்தை, கைய மேல தூக்க முடியல, கொஞ்சம் ஊத்திவிடுங்களேன்னு குனியுறா. என்ன செய்ய. பிள்ளைய எறக்கிவிட்டேன். அவ நாடியப் பிடிச்சு அண்ணாத்தினேன். இவ்வளவு கிட்டத்துல இவ முகத்தை நான் பார்த்ததில்ல. பவுடருக்கு அடியில அந்தச் செவப்பு, மூக்கைத் தாண்டி ரெண்டு கன்னத்துலயும். வறண்ட உதடு. கீழ் இமைய விரலால எறக்குனேன், ஒரு சொட்டு. கண்ணுக்குள்ள தண்ணியே இல்ல. எரியுதோ என்னமோ, என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டா. அடுத்த கண்ணு. அவ வயிறு என் மேல லேசா இடிக்குது, மேடு இன்னும் சரியாத் தெரியல, பட்டுக்குள்ள. "இது பிள்ளை பொறந்ததும் சரியாப் போயிருமா அத்தை? உங்களுக்கும் இப்படி இருந்துச்சா?" அவளாக் கேக்குறா. நான் கேக்கச் சொல்லல.

"மாசமா இருக்கையில எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்," அப்படீன்னு சொன்னேன். அவ சிரிச்சா. தாங்க்ஸ் அத்தைன்னா. தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டுப் பந்திக்குப் போயிட்டா.

முடிஞ்சுது. பட்டனை எறக்கியாச்சு. இனி நான் எதுவும் செய்ய வேண்டாம், அது தன்னால எறங்கிக்கிட்டே போகும். சந்தோசமா இருக்கணுமே, இல்லையா. வாயில ஏதோ கசக்குது. நான் அந்தக் குழந்தைய நெனக்கல, யாரும் அப்படி நெனச்சுக்க வேண்டாம். கையக் கட்டிப்போட்ட ஒரு குழந்தையயும் நான் நெனக்கல. நான் நெனச்சுப் பார்க்கிறது மதினியத்தான், அவ எப்படி அழுவான்னு. அங்கதான் சிக்குது. அவ அழுவா, நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுவா, ஊரே வந்து அவளைச் சுத்தி உக்காரும். ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடிப்பாக. என்ன பாவம் செஞ்சாளோன்னு அவளுக்காக இன்னும் நாலு பேரு அழுவாக. அப்ப அவ தலையத் தூக்கிச் சொல்லுவா, வாசுகி அன்னைக்குத் தொட்டி ஓரமா உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தா, அவ கண்ணுதான். ரத்தம்ங்கிற பேச்சே வராது. கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது, அது தன் வயித்துலருந்தே போனதுன்னு. என் பிள்ளை வயித்துக் குழிக்குக் காரணம் என் ரத்தம்னே சொல்லிக்கிட்டு, எண்ணெய் தேச்சுக் குளிச்சு, நல்லாத் தூங்கி எந்திரிப்பா. இதுவா பழி. தெரியாதவ படுற கஷ்டத்துல எனக்கு என்ன கிடைக்கும். தெரியணும். தெரிஞ்சு கெடக்கணும். ஒவ்வொரு வாரமும் அந்த ரூமுக்கு வெளியில உக்காந்து, இந்த வாரம் இருக்குமா, அடுத்த வாரம் இருக்குமான்னு காதைக் கதவுல வச்சுக்கிட்டு, தண்ணி தவிச்சும் எந்திரிச்சுப் போக முடியாம, சாப்பிட்ட சோறு செமிக்காம, நான் கெடந்த மாதிரி கெடக்கணும். அதுக்குச் சொல்லித்தான் ஆகணும். நான் எந்திரிச்சுட்டேன். பிள்ளையத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு பந்திக்கு நடக்குறேன். இவரு அங்கிட்டுருந்து கையாட்டி என்னன்னு கேக்குறாரு. நான் பார்க்கல.

மதினி புளியோதரை வாளியோட நிக்கிறா. இந்தப் பக்கம் சம்பந்தியம்மா, அடுத்து மோனிஷா, அடுத்து லாவண்யா. நான் வந்து எதுக்க நின்னதும், இன்னும் பந்தி முடியல வாசுகி, நீ அடுத்த பந்தியிலன்னு ஆரம்பிச்சா.

"மோனிஷாவுக்கு ரத்தம் எடுக்கணும் மதினி. எனக்கு எடுத்தாகல்ல, அதே டெஸ்ட். திங்கக்கிழமையே எடுக்கணும்."

"எதுக்கு?"

"எனக்கு இருக்கிறது அவளுக்கும் இருக்கு போல. கண்ணு காயுது, வாய் காயுது, காலையில விரல் மடங்கல, வெயில்ல போனா மூஞ்சி செவக்குது. ஒண்ணு விடாம எனக்கு இருந்ததுதான். உங்கம்மாவும் எங்கப்பாவும் ஒரு வயித்துல பொறந்தவங்கதான மதினி. அந்த ரத்தம்தான் எனக்கும் ஓடுது, அதேதான் உங்களுக்கும் ஓடுது, உங்க மகளுக்கும் ஓடுது." இந்த வரியை மூணு வருசமா ராத்திரி ராத்திரியாத் தீட்டி வச்சிருந்தேன், தெருவே கேக்குற மாதிரி சொல்லணும்னு. வாயத் தொறந்தா மெதுவாத்தான் வருது. ஆனா வந்துருச்சு. பந்தியில கை எல்லாம் அப்படியே நின்னுச்சு. மோனிஷா பக்கம் திரும்பி, "நான் முன்னாடி சொன்னது பொய்யிடி. எல்லாருக்கும் அப்படி இருக்காது" அப்படீன்னேன். அவ என்னையே பார்த்தா.

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுப் பேசுற நீ," மதினி பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா. இவரு ஓடி வந்து என் தோளைத் தொட்டாரு, வாசுகி விடுன்னாரு, நான் தட்டிவிட்டேன். சொல்லட்டும் விடுங்க தம்பீன்னு சம்பந்தியம்மாதான் சொன்னாக. நான் சொன்னேன், அஞ்சாம் மாசம் ஆறாம் மாசம், வாராவாரம் ஸ்கேன், மாத்திரை இருக்கு, ஒண்ணும் இல்லாமயும் போகலாம், இருந்தா இப்பவே பிடிக்கணும், டாக்டரம்மா நம்பர் என்கிட்ட இருக்கு. சொல்லச் சொல்ல மதினி முகத்தைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன். அதுக்காகத்தானே வந்தேன். முதல்ல கோவம். அப்புறம் அவ கண்ணு மகளைப் பார்த்துச்சு, மக கையில இருந்த தண்ணி பாட்டிலைப் பார்த்துச்சு. அப்புறம் ஆதிரைகிட்ட வந்து, கவுனுக்கு மேல, அந்தப் பெட்டி மேல நின்னுச்சு. பிள்ளை பொறந்ததுலருந்து அந்த எடத்தை மதினி நேராப் பார்த்து நான் பார்த்ததில்ல. முகத்துல ரத்தம் எறங்குறது தெரிஞ்சுது. நான் பஸ்ஸுல நெனச்ச மாதிரியே, மெதுவா, அப்படியே.

வாளியைக் கீழ வச்சா. கையத் துடைக்காம, புளியோதரை எண்ணெயோட, என் மணிக்கட்டைப் பிடிச்சா.

"எங்கம்மாவுக்கும் கடைசிக் காலத்துல இப்படித்தான் இருந்துச்சு வாசுகி. கண்ணுல மண்ணு, கண்ணுல மண்ணுன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. தண்ணிய ஸ்பூன்ல ஊத்தி ஊத்தித்தான் சோறு குடுத்தேன்."

அப்ப தெரியும். இவளுக்கு இம்புட்டு நாளும் எங்கயோ ஒரு ஓரத்துல தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் என் மேல அள்ளிப் போட்டிருக்கா. கையை உதறியிருக்கணும். ஓங்கி ஒண்ணு வச்சாக்கூட அந்தப் பந்தியில ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாக. உதறல. ஏன்னு கேக்காதீங்க. அந்தக் கை நடுங்குற நடுக்கம் என் கைக்கு ஏறிக்கிட்டிருந்துச்சு, அந்த ஐசியூ வாசல்ல என்னோடது நடுங்கின மாதிரியே, ஒருத்தரும் பிடிக்க இல்லாம.

"எனக்கு அங்கெல்லாம் ஒண்ணும் தெரியாது. என்ன கேக்கணும், எங்க போயி நிக்கணும், ஒண்ணும் தெரியாது. நீ கூட வர்றியா?"

வர்றேன்னு சொன்னேன். அந்த ஸ்கேன் ரூமுக்கு எதுக்க இரும்பு பெஞ்சு ஒண்ணு கெடக்கும், உக்காந்தா ஜில்லுன்னு இருக்கும், உள்ள துடிப்புச் சத்தம் கதவு வழியா மங்கலாக் கேக்கும். அதுல இவளை உக்கார வைக்கணும். பக்கத்துல நான் உக்காரணும். கதவு சாத்துறப்ப இவ முகம் என்ன ஆகுதுன்னு ஒவ்வொரு வாரமும், ஒரு வாரம் விடாம, கிட்டருந்து பார்க்கணும். அதுக்குத்தான் போறேன். எத்தனை மாசம் வேணும்னாலும் போவேன். அதுக்கு மட்டும்தான்.